சென்னை ஏர்போர்ட்டுக்கு ரயிலில்: மெட்ரோ யாருக்கு, திரிசூலம் யாருக்கு

சென்னை விமான நிலையத்துக்கு இரண்டு ரயில் வழிகள் இருக்கின்றன. ஒன்று, 2016 செப்டம்பர் முதல் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே வந்து நிற்கும் மெட்ரோவின் நீல வழித்தடம். இன்னொன்று, விமான நிலைய வாசலை ஒட்டி ஓடும் ஜிஎஸ்டி ரோடு என்கிற நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலத்தில் நிற்கும் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில். மதுரை, திருச்சி, கோவை விமான நிலையங்களுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் பெட்டியோடு வருகிறவர்கள் பலர் தங்களுக்குத் தோதில்லாத ரயிலில்தான் ஏறுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர் திரிசூலத்தைத் தாண்டி எழும்பூர் வரை போய் இறங்கி, அங்கே மெட்ரோவைத் தேடிப் பிடித்து, வழியில் ஒரு தடம் மாறி, வந்த திசையிலேயே திரும்பி வருகிறார். அவர் தாம்பரத்திலேயே இறங்கியிருக்கலாம்.

எந்த ரயில் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் வெளியூர் வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. சென்ட்ரல் என்றால் மெட்ரோ. தாம்பரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மின்சார ரயில். எழும்பூர் மட்டும் இழுபறி. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மெட்ரோ. விமான நிலைய மெட்ரோ உயரத்தில் கட்டப்பட்ட நிலையம். உள்நாட்டு முனையம், பன்னாட்டு முனையம் இரண்டு பக்கத்திலிருந்தும் மேல்மட்ட நடைபாதை வழியாக, மழையில் நனையாமல், ரோட்டைக் கடக்காமல் வந்துவிடலாம். நடைபாதையில் ஆளை நகர்த்திச் செல்லும் தரைப்பாதைகள் உண்டு. அவை ஓடினால் சுகம். நின்றிருந்தால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பன்னாட்டு முனையமான டி2 பக்கம் போகிறவர்கள் இந்த நடைக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விமான நிலையத்து ட்ராலியை மெட்ரோவின் ஸ்கேனரைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. அதற்கு மேல் உங்கள் கைகளே துணை. இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை, இடுப்பில் குழந்தை என்று வருகிற தனி ஆளுக்கு மெட்ரோ சரிப்படாது, டாக்ஸியே மேல்.

ரயில் புறப்படும் இடமே இதுதான் என்பதால் ஏறும்போது பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும், பெட்டியைக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம். மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு, ஆலந்தூர், கிண்டி என்று போய் சின்னமலைக்கு அப்புறம் தரைக்கடியில் இறங்கி, அண்ணா சாலை நெடுகச் சென்று, சென்ட்ரலை அடைய நாற்பது நிமிடம் போல ஆகும். கட்டணம் 40 ரூபாய். மெட்ரோ முழுவதற்குமே அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய்தான். 2021 பிப்ரவரியில் 70 ரூபாயிலிருந்து குறைத்தார்கள். செல்போனில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டுக்கும் கார்டுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி. கவுன்ட்டரில் வாங்கும் காகிதச் சீட்டுக்கு அது இல்லை. வாட்ஸ்அப், மெட்ரோவின் சொந்தச் செயலி, 2025இல் வந்த சென்னை ஒன் செயலி, கட்டணச் செயலிகள் என்று எதில் வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம். பழைய மெட்ரோ பயண அட்டை வீட்டில் கிடந்தால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். இப்போது சிங்காரச் சென்னை அட்டைதான். வெளியேறும்போதும் அதே க்யூஆரைக் காட்ட வேண்டும் என்பதால் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட விமானப் பயணம் முடித்து வருகிறவர்களுக்கு இதுதான் காலை வாரும்.

ஏறுவதற்கு முன் பலகையில் வழியைப் பாருங்கள். சில நேரங்களில் விமான நிலையத்திலிருந்தே ஆலந்தூர், கோயம்பேடு சுற்றிக்கொண்டு சென்ட்ரல் போகும் நேரடி ரயிலும் விடுகிறார்கள். இரண்டிலுமே சென்ட்ரல் என்றுதான் இருக்கும். வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் போகிறவர்களுக்கு அந்தச் சுற்று வழி வரப்பிரசாதம், ஆலந்தூரில் மாற வேண்டியதில்லை. சென்ட்ரலில் வண்டி பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அண்ணா சாலை வழியே மேல்.

சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கியதும் வேலை முடிந்துவிடாது. அது ஆழமான, பெரிய நிலையம். எந்த வாசலில் வெளியே வருகிறீர்கள் என்பது முக்கியம். எம்.ஜி.ஆர். சென்ட்ரல் ரயில் நிலையம், மூர் மார்க்கெட் புறநகர் நிலையம், அரசுப் பொது மருத்துவமனை, பூங்கா நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி. தப்பான வாசலில் ஏறிவிட்டால் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பீர்கள். மெட்ரோ ரயிலிலிருந்து உங்கள் எக்ஸ்பிரஸ் நிற்கும் நடைமேடையின் தொடக்கத்துக்குப் பத்து நிமிடம். கோச் முன்கோடியில் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம், ஏனென்றால் 22 பெட்டி கொண்ட வண்டி அரை கிலோமீட்டருக்கு நீண்டு நிற்கும்.

இனி திரிசூலம். இங்கே முதல் தவறு, ஒரு நிலையம் முன்பே இறங்கிவிடுவது. பேச்சுவழக்கில் இன்றும் மீனம்பாக்கம் ஏர்போர்ட் என்கிறோம். மின்சார ரயிலில் மீனம்பாக்கம் என்றே ஒரு நிலையமும் வருகிறது. பழைய பயணிகள் முனையம் அந்தப் பக்கம்தான் இருந்தது. 1980களில் புது முனையங்கள் தெற்கே தள்ளி வந்தன. இப்போதைய முனையங்களுக்கு எதிரே இருப்பது அதற்கு அடுத்த நிலையமான திரிசூலம். மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டால் பெட்டியோடு நடந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். அடுத்த வண்டிக்கு நின்று ஒரு ஸ்டேஷன் போவதே நல்லது.

இரண்டாவது தவறு பாஸ்ட் லோக்கல். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு பக்கம் போகும் சில விரைவு மின்சார ரயில்கள் இடையில் பல நிலையங்களை விட்டுவிட்டுப் போகும், திரிசூலமும் அதில் போய்விடும். ஏறும் முன் நடைமேடை அறிவிப்பைக் கேளுங்கள், அல்லது பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். தெரியாமல் ஏறிவிட்டால் பதற வேண்டாம், தாம்பரத்தில் இறங்கி எதிர்த்திசை ஸ்லோ வண்டியில் திரும்பலாம். அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

திரிசூலத்தில் வண்டி நிற்பது அரை நிமிடம் இருந்தால் அதிகம். அதனால் பல்லாவரம் தாண்டும்போதே, நகரத்திலிருந்து வருகிறவர்கள் மீனம்பாக்கம் தாண்டும்போதே, பெட்டியை வாசல் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். நிலையத்திலிருந்து விமான நிலையப் பக்கம் போக ஜிஎஸ்டி ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது. ரோட்டின் மேலாகக் கடக்க முயல வேண்டாம். அங்கே வாகனங்கள் நிற்பதே இல்லை. படி ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே கிளம்புங்கள். ஒரு ஆள் ஒரு கையில் தூக்கிப் படி ஏறக்கூடிய எடைதான் இந்த வழிக்கு எல்லை. 23 கிலோ பெட்டி இரண்டு வைத்திருப்பவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் திரிசூலத்தைப் பரிந்துரைக்க மாட்டோம். கொட்டுகிற மழையில் யாருக்குமே வேண்டாம், சுரங்கப்பாதை என்றால் சென்னையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டிக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இதை ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம். காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டோ தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டோ எடுக்க முடியாது. செயலி இருப்பிடத்தைப் பார்த்து மறுத்துவிடும். அதனால் பெல்ட்டில் பெட்டிக்காகக் காத்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுவது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோய் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆரைச் செயலியில் ஸ்கேன் செய்தால் டிக்கெட் கிடைக்கும். வெளிநாட்டு சிம்மோடு வருகிறவர்களுக்கு ஓடிபி வராது, செயலி எதுவும் உதவாது. பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் குறைந்தது 250 ரூபாயும் கட்டணமும்.

கூட்டத்துக்குத் திசை உண்டு. காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை கடற்கரை நோக்கிப் போகும் வண்டிகள் தாம்பரத்திலேயே நிரம்பி வரும். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை தாம்பரம் நோக்கிப் போவதில் அதே கதை. அந்த நேரத்தில் அந்தத் திசையில் பெட்டியோடு ஏறுவது உங்களுக்கும் தொல்லை, மற்றவர்களுக்கும் தொல்லை. எதிர்த்திசையில் தாராளமாக உட்கார்ந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காகச் சில மணி நேரம் மின்சார ரயில்களை நிறுத்துவது வழக்கம். முதல் நாள் செய்தித்தாளிலோ ரயில்வே அறிவிப்பிலோ பார்த்துவிடுங்கள்; வண்டி இல்லை என்பது நடைமேடையில் அரை மணி நேரம் நின்ற பிறகு தெரிவது கொடுமை. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஏசி மின்சார ரயில் திரிசூலத்தில் நிற்கிறது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கதவு மூடிக்கொள்ளும். ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை, வந்தால் ஏறிக்கொள்ளுங்கள்.

தாம்பரம் விஷயத்துக்கு வருவோம், இந்த இரண்டு ரயில்களில் நிஜமான லாபம் அங்கேதான் இருக்கிறது. மதுரை, திருச்சி, நாகர்கோவில் பக்கமிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். அங்கிருந்து திரிசூலம் நான்காவது ஸ்டேஷன்: சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம். பதினைந்து நிமிடம். எழும்பூர் வரை டிக்கெட் இருந்தாலும் தாம்பரத்தில் இறங்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. எழும்பூர் போய்த் திரும்புவதோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம். தாம்பரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. பல மின்சார ரயில்கள் அங்கேயே புறப்படுகின்றன. செங்கல்பட்டிலிருந்து நிரம்பி வரும் வண்டியை விட்டுவிட்டு, நடைமேடையில் காலியாக நிற்கும் தாம்பரம் வண்டியில் ஏறினால் பெட்டிக்கும் இடம் கிடைக்கும்.

விமானத்தில் வந்து தெற்கே வண்டி ஏறுகிறவர்களுக்கும் தாம்பரம்தான். ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்ய மறக்கிறார்கள். முன்பதிவை எழும்பூரிலிருந்து செய்துவிட்டு, எப்படியும் வண்டி தாம்பரத்தில் நிற்குமே என்று அங்கே போய் ஏறுகிறார்கள். அதற்குள் டிடிஇ, அதாவது டிக்கெட் பரிசோதகர், அந்தப் படுக்கையை ஆள் வரவில்லை என்று குறித்து, ஆர்ஏசியில் படுக்கைக்காகக் காத்திருப்பவருக்குக் கொடுத்திருக்கலாம். ஐஆர்சிடிசி தளத்தில் ஏறும் இடத்தை மாற்றும் வசதி இருக்கிறது; வண்டி கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதே தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதைவிட நல்லது, முன்பதிவு செய்யும்போதே தாம்பரம் என்று போடுவது. எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணிக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும் அங்கிருந்தே கிளப்புவதும் நடக்கிறது. டிக்கெட்டில் உள்ள ஊர்ப் பெயரைப் பயண நாளில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழும்பூரைத் தவிர்க்கவே முடியாது என்றால் மூன்று வழி. திரிசூலத்திலிருந்து நேரடி மின்சார ரயில், முப்பது முப்பத்தைந்து நிமிடம், மாறவே வேண்டாம். மெட்ரோவில் சென்ட்ரல் போய், பச்சை வழித்தடத்துக்கு மாறி ஒரே ஸ்டேஷன். அல்லது ஆலந்தூரில் மாறி, கோயம்பேடு சுற்றி எழும்பூர். பின்னிரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான், ஐம்பது நிமிடம் போல. ஆலந்தூரில் இரண்டு வழித்தடங்களும் மேல்தளம், கீழ்தளமாக இருப்பதால் மாறுவது சுலபம். சென்ட்ரலில் மாற நடை கொஞ்சம் கூடுதல். கைப்பை மட்டும் என்றால் திரிசூலம், சுமை இருந்தால் ஆலந்தூர் என்பது எங்கள் கட்சி. எழும்பூர் மெட்ரோ ரயில் நிலையத்தின் முகப்பை ஒட்டியே இருக்கிறது, அதில் சிரமமில்லை.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். காலை 6 மணிக்கு சென்ட்ரல் வந்து சேரும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். இறங்கி, நடைமேடை கடந்து, ஸ்கேன் முடித்து மெட்ரோவில் ஏற 6.20. விமான நிலையம் 7 மணி. டி2 வாசல் 7.10. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக என்றால் 10.10க்குப் பிறகு கிளம்பும் விமானம்தான் நிம்மதி. உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம், ஆக 9.10. இது வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தால். அதற்கு மேல் உங்கள் வண்டி வழக்கமாக எவ்வளவு தாமதமாகிறதோ அதைக் கூட்டுங்கள். அந்த வண்டியின் கடந்த வாரத் தாமதங்களை ரயில் செயலிகளிலேயே பார்க்கலாம். இரவு வண்டியை நம்பிக் காலை 8 மணி விமானத்துக்கு டிக்கெட் போடுவது சூதாட்டம்.

போட்டுவிட்டுத் தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ரயில் டிக்கெட்டுகளை 2019 ஏப்ரல் முதல் இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், போகாத பகுதிக்குப் பணம் திரும்பும். ரயிலுக்கும் விமானத்துக்கும் அப்படி ஒரு இணைப்பு கிடையாது. விமானம் தாமதம் என்று காரணம் காட்டி ரயில்வேயிடம் பணம் கேட்க முடியாது, ரயில் தாமதம் என்றால் விமான நிறுவனம் காது கொடுக்காது. தில்லியில் 2011இல் தொடங்கிய ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோவில், புது தில்லி ரயில் நிலையம் பக்கத்திலேயே சில நிறுவனங்களின் விமானங்களுக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறும் வசதி வைத்தார்கள். சென்ட்ரல் மெட்ரோவின் அந்தப் பரந்த தளத்தில் அதற்கு இடமா இல்லை?

மெட்ரோவின் பெரிய ஓட்டை இரவுதான். முதல் ரயில் காலை 5 மணி, கடைசி ரயில் இரவு 11. சிங்கப்பூர், வளைகுடா விமானங்கள் பல வந்து இறங்குவதும் கிளம்புவதும் இந்த இடைவெளியில். எழும்பூரிலிருந்து காலை 5 மணியளவில் கிளம்பும் நாகர்கோவில் வந்தே பாரத்தை நள்ளிரவு விமானத்தில் வருகிறவர் மெட்ரோவில் போய்ப் பிடிக்கவே முடியாது. அந்த வண்டி தாம்பரத்தில் நிற்கும், அங்கே ஏறும்படி முன்பதிவு செய்யுங்கள். மின்சார ரயில் மெட்ரோவுக்கு முன்பே, காலை நான்கு மணி வாக்கில் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில் வண்டிகள் அடுத்தடுத்து வராது. ஒரு வண்டியை நம்பிப் போவதானால் நேர அட்டவணையை முந்தின நாளே பார்த்துவிட்டு, அது தவறினால் ப்ரீபெய்டு டாக்ஸி என்று கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போகிறவர்களுக்கு இப்போதைக்கு ரயிலில் நேரடி வழி நீல வழித்தடத்தில் இல்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டும் திட்டம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அது வரும்வரை திரிசூலத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறி வண்டலூரில் இறங்கி அங்கிருந்து பஸ், அல்லது விமான நிலைய வாசலில் ஜிஎஸ்டி ரோட்டிலேயே மாநகரப் பேருந்து. சுமை இருந்தால் இரண்டாவதே சுலபம்.